அமாவாசை மைதானம்

அமாவாசையன்று மேல்மலையனூரில் எங்களுக்கு இலக்கியம் கிடையாது. செஞ்சியிலிருந்து வரும் பேருந்துகளில் கால் வைக்க இடமிராது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அங்காளம்மன் ஊஞ்சலைக் காண வருகிற கூட்டம் விடியும்வரை தெருக்களை நிறைத்திருக்கும். ஆகவே எங்கள் வாசிப்புக் கூட்டத்தை அமாவாசைக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வது பல ஆண்டுப் பழக்கம். இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர், வளத்தியிலிருந்து சைக்கிளில் வருகிற விவசாயி ஒருவர் என்று எங்கள் எண்ணிக்கை ஒருபோதும் எட்டைத் தாண்டியதில்லை. உரக்கடை நண்பரின் மொட்டை மாடியே எங்கள் சபை.

சென்ற ஆண்டு ஆவணியில் அப்படியொரு கூட்டத்தில், புதுமைப்பித்தனின் பெண்களைப் பற்றி நாங்கள் பெரிய வாய்ச்சண்டையில் இருந்தபோது, நண்பரின் மகள் தேநீர்த் தட்டுடன் மாடிக்கு வந்தாள். பதினோராம் வகுப்பு மாணவி. முழங்காலில் புதுச் சிராய்ப்பு. தட்டை வைத்துவிட்டு அவள் உடனே போகவில்லை.

"மாமா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நம்ம பக்கத்துல பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் கிளப் எது இருக்கு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளோ 2025 மே மாதம் லிஸ்பன் நகரில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியைக் கைப்பேசியில் முழுதாகப் பார்த்திருந்தாள். ஆர்சனல் பார்சிலோனாவை 1-0 என்று வென்றதையும், 74ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்டீனா பிளாக்ஸ்டீனியஸ் அடித்த கோலையும், மாடியின் தண்ணீர்த் தொட்டியைக் கோல் கம்பமாக வைத்து எங்களுக்கு நடித்தே காட்டினாள். "தமிழ்நாட்டு அணிகள் ஏதாவது தெரியுமா அம்மா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவருக்கும் தெரியாது. எங்களில் ஒருவருக்குமே தெரியாது.

பெண்ணெழுத்து பற்றி நாள் முழுதும் பேசக் கூடியவர்கள் நாங்கள். அன்று மாடியிலிருந்து இறங்கியபோது எங்களுக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்துக்குள் அவளுக்குப் பதில் சொல்வதென்று முடிவு செய்து, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு தேடத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் கணக்கு.

*

அவளுக்குப் பிடித்த அணியிலிருந்தே தொடங்கினோம். ஆர்சனலின் பெண்கள் அணியை 1987இல் தொடங்கியவர் விக் ஏக்கர்ஸ். ஆண்கள் அணியின் சீருடைகளையும் காலணிகளையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர் அவர். இருபது ஆண்டுகள் கழித்து, 2006-07 பருவத்தில், அந்த அணி இங்கிலாந்தின் லீக், எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றதோடு, சுவீடனின் உமேயா அணியைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையையும் கொண்டுவந்தது. பிரிட்டனிலிருந்து வேறெந்தப் பெண்கள் அணியும் அதற்கு முன் அக்கோப்பையைத் தொட்டதில்லை. மறுமுறை அதைத் தொட ஆர்சனலுக்கே 18 ஆண்டுகள் ஆயின. நண்பர் மகள் பார்த்தது அந்த மறுமுறையைத்தான்.

ஐரோப்பியப் போட்டியே கிழவியல்ல. 2001-02இல்தான் தொடங்கியது. முதல் கோப்பையை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் வென்றது. 2009-10 முதல் அதற்குச் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர். பிரான்சின் லியோன் 2011க்கும் 2022க்கும் இடையில் எட்டு முறை அதை எடுத்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் ஓர் அரையிறுதியைக் காண 91,648 பேர் வந்தார்கள்.

இந்த எண்களைப் படித்தபோது எங்களுக்கு வழக்கமான பெருமூச்சு வந்தது. அவர்கள் அப்படி, நாம் இப்படி என்கிற பெருமூச்சு. ஆனால் தபால்கார நண்பர் இன்னும் பின்னால் போய்த் தேடி வந்திருந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், பிரெஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஓர் அணியை உருவாக்கினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்று கூறித் தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் அவர்கள் ஆடக் கூடாதென விலக்கியது. அந்தத் தடை அரை நூற்றாண்டு நீடித்து, 1971இல்தான் விலகியது.

தடை ஆட்டத்தின் மீது நேரடியாக விழவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பூங்காவிலோ வயலிலோ ஆடிக்கொள்ளலாம். மதில் சூழ்ந்த, சீட்டு விற்கிற, மக்கள் வந்து அமர்கிற மைதானம் மட்டும் கிடையாது. ஒரு விளையாட்டை ஒழிக்க அது போதுமாயிருந்தது. இடத்தைப் பறித்தால் பார்வையாளர் போவார். பார்வையாளர் போனால் பணம் போகும். பிறகு நினைவும் போகும். இதை நாங்கள் பின்னால் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள நேர்ந்தது.

*

இனி நம் பக்கம். இந்தியப் பெண்கள் கால்பந்துக்கென ஒரு சம்மேளனம் 1975இலேயே அமைந்திருந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. ஆண்களுக்கான தேசிய லீக் 1996இல் தொடங்கியது. பெண்களுக்கான இந்திய லீகின் முதல் பருவம் நிறைவடைந்ததோ 2017 பிப்ரவரியில், தில்லியில். வென்றது மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன். இடையில் கழிந்த இருபது ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பெண்கள் ஆடத் தொடங்கி, ஆடி முடித்து, வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவளுடைய கேள்விக்கான நேர்ப்பதில் கடலூரில் கிடைத்தது. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படும்வரை மேல்மலையனூரும் கடலூரும் ஒரே மாவட்டம். கடலூர் எங்கள் தலைநகரம். கலெக்டர் ஆபீசுக்குப் போன அப்பாக்கள் திரும்பும்போது மீன் வாங்கி வந்த ஊர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கரையை அடித்த பிறகு, பெற்றோரை இழந்தும் வறுமையில் தவித்தும் நின்ற சிறுமிகள் பலருக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக்கொடுத்தார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற அணி அவருடைய உழைப்பில் வளர்ந்தது. லண்டனில் சீருடை கவனித்தவர், கடலூரில் பயிற்சியாளர்: பெரிய கிளப்போ சிறிய கிளப்போ, தொடக்கத்தில் இப்படி ஒரு தனி மனிதரின் பிடிவாதம்தான் இருக்கிறது போலும்.

லீகின் இரண்டாம் பருவத்தில், 2018இல் ஷில்லாங்கில் நடந்த இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் கடலூர் அணியும் ஒன்று. மதுரையிலிருந்து 2016இல் உருவான சேது எஃப்.சி. அணியும் அந்த ஏழில் இருந்தது. ஏழில் இரண்டு தமிழ்நாட்டுக்கு. அதே 2018இன் பிப்ரவரியில் கட்டாக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தேசியச் சாம்பியனாகியிருந்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் அந்தப் பட்டத்தைப் பெற்றது. கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையின் உதவி ஆய்வாளர். 2020இன் ஊரடங்கில் சென்னைத் தெருவில் முகக்கவசத்துடன் காவல் நின்றார்.

2019 மே 22 அன்று, லூதியானாவில், சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியாவின் சாம்பியன் ஆனது. இதை எழுதும்போது எங்கள் கை தயங்குகிறது. அதே ஆண்டு தீபாவளிக்குப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளராக விஜய் நடித்த 'பிகில்' வெளியானது. எங்களில் ஐந்து பேர் முதல் வாரத்திலேயே பார்த்தோம். எங்களில் சிலர் கண் கலங்கினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. திரையில் ஒரு கற்பனை அணி வென்றதற்குக் கைதட்டியபோது, ஐந்து மாதத்துக்கு முன் மதுரையின் நிஜ அணியொன்று இந்தியாவையே வென்றிருந்தது எங்களுக்குத் தெரியாது.

ஏன் தெரியவில்லை? செய்தித்தாள்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் விவசாயி நண்பர் வேறொன்றைச் சொன்னார். "மதுரைக்காரனே அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டானே ஐயா, ஆட்டம் பஞ்சாபிலல்லவா நடந்தது?" அவர் சொன்னது சரி. தொடக்கப் பருவங்களில் இந்த லீகின் இறுதிச் சுற்று முழுவதும் ஒரே நகரத்தில், சில வாரங்களில் நடந்து முடியும். தில்லி, ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஊர். சொந்த ஊரில் ஓராட்டம்கூட இல்லாமலே ஓர் அணி சாம்பியனாகலாம். ஊருக்குள் ஆட்டம் நடந்தால்தான் டீக்கடையில் அது பேச்சாகும். தோற்ற மறுநாள் திட்டுவதற்காவது நான்கு பேர் இருப்பார்கள். திட்டுவாரும் இல்லாத அணிக்கு வரலாறு எங்கிருந்து வரும்? சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. அப்போது எஞ்சியிருந்தவை ஏழு அணிகள். அவற்றில் சேதுவும் ஒன்று.

*

அவள் கேட்ட இரண்டாவது கேள்வி இது: "ஜெயிச்ச டீம் வெளிநாட்டுக்குப் போகுமா மாமா, ஆர்சனல் போற மாதிரி?"

போயிருக்க வேண்டும். சேது சாம்பியனான 2019இல் ஆசியாவின் பெண்கள் கிளப் போட்டி முதன்முறையாக, வெள்ளோட்டமாக நடந்தது. ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டு அணிகளுக்கு மட்டுமே அதில் இடம். இந்தியச் சாம்பியனுக்குக் கதவே இருக்கவில்லை. அடுத்து 2020 பிப்ரவரியில் கோகுலம் கேரளா பட்டம் வென்றது. பிறகு பெருந்தொற்று வந்து 2020-21 பருவத்தையே விழுங்கியது. 2021 நவம்பரில் இந்தியாவின் சார்பில் ஜோர்டானின் அகபா நகருக்குக் கோகுலம் சென்றது. அம்மானிடம் 1-2, ஈரானின் ஷஹர்தாரி சிர்ஜானிடம் 0-1 என்று தோற்றுக் கடைசி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என வென்றது.

2022 மே 26 அன்று, புவனேஸ்வரில், சேதுவுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சேதுவும் கோகுலமும் அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்று சமப் புள்ளிகளுடன் எதிரெதிரே நின்றன. கோல் கணக்கில் கோகுலம் முன்னிலை. சமன் செய்தாலே அவர்களுக்குப் போதும். மூன்றாவது நிமிடத்திலேயே சேது கோலடித்தது. ஆனால் இடைவேளைக்கு முன் மூன்று கோல்கள் திருப்பி அடிக்கப்பட்டன. 1-3. பட்டம் கோகுலத்துக்கு.

அந்த வெற்றியால் கிடைத்த ஆசிய வாய்ப்பு என்னவாயிற்று என்பதுதான் இந்தக் கதையிலேயே வலிக்கிற இடம். 2022 ஆகஸ்டில் கோகுலத்தின் பெண்கள் தாஷ்கண்டில் போய் இறங்கிய வேளையில், ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்துவிட்டது. நிர்வாகத் தகராறு வயதான ஆண்களுக்கிடையில். விடுதி அறையில் காத்துக் கிடந்தவர்கள் இருபது வயதுப் பெண்கள். அந்த மாத இறுதிக்குள் தடை நீங்கியது, ஆனால் அவர்களுக்கான போட்டி கைநழுவிவிட்டது. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள்.

பிறகு நடந்ததையும் கணக்கில் எழுத வேண்டும். 2024 அக்டோபரில், புதிதாகத் தொடங்கிய ஆசியச் சாம்பியன்ஸ் லீகில், ஒடிசா எஃப்.சி. ஜப்பானின் உராவா அணியிடம் 0-17 என்று தோற்றது. 2025 நவம்பரில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அதே போட்டியில் ஈரானின் பாம் காத்தூன் அணியை 3-1 என்று வென்றது. பதினேழு கோல்களைப் படித்து அவள் சிரிப்பாள் என்று நினைத்தோம். அவள் சிரிக்கவில்லை. "பதினேழாவது கோல் விழுந்த பிறகும் நடுவுல பந்தை வெச்சு மறுபடி ஆரம்பிச்சிருப்பாங்க இல்ல?" என்றாள். ஆடுகிறவர்களுக்கு மட்டும் தோன்றுகிற கேள்வி அது.

ஐரோப்பாவுக்கான பாதையும் இல்லாமலில்லை. மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். கோகுலத்தில் ஆடிய பஞ்சாபின் மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்பல்லோன் அணிக்குச் சென்று, ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். 2019இல் சேதுவுக்காகக் கோல்களைக் குவித்த நேபாளத்தின் சபித்ரா பண்டாரி 2024இல் பிரான்சின் முதல் பிரிவில் கிங்காம்ப் அணிக்கு ஆடினார். மதுரையின் சட்டையை அணிந்த ஒருத்தி லியோன் ஆடுகிற லீகில் ஆடியிருக்கிறாள் என்பதை அறிந்தபோது, நண்பரின் மகள் அந்த வரியைத் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

*

இவ்வளவும் பேசினோம். ஆனால் உரக்கடை நண்பர் இதில் எதிலும் வாய் திறக்கவில்லை. மாவட்ட அளவிலான தேர்வு ஒன்று விழுப்புரத்தில் வருகிறது, அனுப்புங்கள் என்று நாங்கள் சொன்னபோதுதான் பேசினார். வெயிலில் கறுத்துப்போகிறாள், அரைக்கால் சட்டையோடு ஓடுவதைச் சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள், கால் உடைந்தால் நாளை எவன் கட்டுவான், திரும்பி வர இருட்டிவிடும். எல்லாம் நாங்கள் கதைகளில் படித்து அடிக்கோடிட்ட வாக்கியங்கள். நண்பர் கெட்டவரல்லர். அவற்றை அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பயம்தான்.

எங்களில் ஓர் ஆசிரியர் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "இந்த ஊரின் தாயே மாசி மாதம் மயானத்துக்குப் போகிறவள். இருட்டில் ஏன் போனாய் என்று அவளை யார் கேட்டார்கள்?"

நண்பர் நிதானமாகப் பதில் சொன்னார்: "அவ தெய்வம் சார். இவ என் பொண்ணு."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. செஞ்சி நாட்டில் பெண்ணைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளை எண்ணிப் பார்த்தோம். ஒருத்தி மயானத்தில் நிற்கும் தெய்வம். இன்னொருத்தி, 1714இல் தேசிங்கு ராஜன் போரில் மடிந்தபின் உடன்கட்டை ஏறிய இளம் மனைவி. இராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவில் வந்தது என்பார்கள். கும்பிடவும் கண்ணீர் விடவும் எங்களுக்குப் பெண்கள் இருந்தார்கள். வியர்வையோடு ஓடி, தோற்று, மறுநாளும் வந்து ஓடுகிற ஒருத்தியை வைத்துக்கொள்ள எங்கள் கதைகளில் இடம் இருந்ததில்லை.

அவள் ஆடுகிற இடத்தைப் பார்க்க ஒரு விடியலில் நாங்கள் எல்லோரும் போனோம். ஊருக்கு வெளியே ஒரு புறம்போக்குத் திடல். அமாவாசையன்று வெளியூர் வண்டிகள் நிற்கிற இடமும் அதுதான். முந்தின வாரம்தான் அமாவாசை கழிந்திருந்தது. உடைந்த தேங்காய் ஓடும் எலுமிச்சைத் தோலும் பிளாஸ்டிக் குவளையும் சக்கரத் தடங்களுமாகக் கிடந்தது தரை. ஏழு பெண்கள், ஆடுவதற்கு முன், வரிசையாக நடந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டார்கள். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. எட்டு மணிக்குப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்ததும் இவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. அது அந்தத் திடலின் வழக்கமாக இருந்தது. 1921இன் லண்டன் தீர்மானம் எங்கள் நினைவுக்கு வந்தது. எங்கள் திடலுக்குத் தீர்மானம்கூடத் தேவைப்படவில்லை.

நண்பர் அன்று ஓரமாக, வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஆடி அவர் பார்த்தது அதுவே முதல் தடவை என்று பிறகு சொன்னார். இடப்பக்கம் ஓடி, ஒருத்தியை ஏமாற்றி, அவள் பந்தைக் குறுக்கே தட்டிவிட்டபோது, அவர் கால் தானாக ஒரு சாண் முன்னால் போனதை நாங்கள் பார்த்தோம்.

விழுப்புரத்துக்கு அவரே அழைத்துப் போனார். எங்களில் இருவரும் உடன் சென்றோம். தேர்வில் அவள் பெயர் வரவில்லை. ஓட்டம் நன்றாக இருக்கிறது, வலக்காலை நம்பியே ஆடுகிறாள், இடக்காலையும் பழக்கிவிட்டு அடுத்த ஆண்டு வரட்டும் என்றார் தேர்வு செய்தவர். திரும்பும் வழியில் அவள் சன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். செஞ்சியில் இறங்கியபோது இருட்டிவிட்டது. ராஜகிரி கறுப்பாக நின்றது. மேல்மலையனூர் வண்டிக்கு நேரமிருந்ததால் டீ குடித்தோம். நண்பர் வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, எங்களிடம் கேட்பதுபோல் அவளுக்குக் கேட்கும்படி, "இடக்காலுக்குன்னு தனியா பயிற்சி ஏதாவது இருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் இரண்டு மாற்றங்கள். அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஆளுக்கொரு சாக்கோடு திடலுக்குப் போய்விடுகிறோம். பெண்கள் வரும்போது தரை ஆடும் நிலையில் இருக்கிறது. இரண்டாவது, ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். தேதி, எத்தனை பேர் ஆடினார்கள், யார் கோலடித்தது என்று தபால்கார நண்பர் தன் அழகான கையெழுத்தில் எழுதி வருகிறார். சேதுவின் லூதியானா வெற்றியை எங்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதுபோல இந்தத் திடலுக்கும் ஆகிவிடக் கூடாது என்பது எங்கள் எண்ணம். எழுதுவது ஒன்றுதானே எங்களுக்குத் தெரிந்த வேலை. முதல் பக்கத்தில் ஏழு பெயர்கள். இதை எழுதுகிற இன்று பதினொன்று.